மேட்சிங் நைனாவின் விளக்கு

எங்கள் தெருவில் நடந்த கல்யாணங்களில் பாதியை ஜாதகம் முடிவு செய்தது. மீதியை மேட்சிங் நைனா முடிவு செய்தார். கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஜாதகம் பொருந்தாமலே நடந்த கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். நைனா தலையாட்டாத ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்த பெண் எங்கள் தெருவில் ஒருத்திகூடக் கிடையாது.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ முனகிக்கொண்டே பின்வாங்க வேண்டிய தெரு எங்களுடையது. அதன் முனையில் நைனாவின் மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துண்டை, அதாவது பிட்டை, வெட்டிக் கொடுப்பார். கடையின் அகலத்தைச் சொல்ல வேண்டுமானால், நைனா கொட்டாவி விட்டுக் கையை நீட்டினால் இரண்டு சுவரிலும் இடிக்கும். ஆனால் தரையிலிருந்து கூரை வரை துணிச் சுருள்கள். பச்சை என்று கேட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. கிளியா, பாசியா, மாங்காயா, வாழையிலையா, வாழைக்குருத்தா என்று குறுக்கு விசாரணை நடக்கும். வக்கீல் வீட்டு அம்மாவே அதில் திணறிப் போயிருக்கிறார்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கும் எங்கள் பெயர் தெரியாது. முகங்களை அவர் பார்ப்பதே இல்லை. நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்து பல வருஷம் கழித்தும் என்னை அவருக்கு ஒரே ஒரு விதமாகத்தான் தெரியும். "அரக்குக்குப் பச்சை பார்டர்தானே நீ? வா கண்ணு." பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவருக்கு அரக்கு, பச்சை பார்டர். அவ்வளவுதான்.

நைனாவின் வாயில் ஒரு கேள்வி உண்டு. தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் நடுங்குகிற கேள்வி. வேறு எங்கோ வாங்கிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கடை வாசலைக் கடந்தால், மெதுவாக, மிகவும் அன்பாகக் கேட்பார். "யார்ம்மா குட்த்தது?"

வடபழனியில் ஒரு கல்யாண வரவேற்பு. பரிசு கொடுக்கிற வரிசையில் நைனாவும் நின்றார், நானும் பின்னால் நின்றேன். மணப்பெண்ணுக்கு வெங்காயத்தோல் கலரில் புடவை. ரவிக்கை ஒரு நூல் அளவு ரோஸ் பக்கம் சாய்ந்திருந்தது. நைனா மேடையேறி, பரிசுப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்து, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்.

"இன்னாம்மா இது? யார்ம்மா குட்த்தது?"

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை, ஏதோ பழைய விவகாரம் வெளியே வருகிறது என்று நினைத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நைனா அத்தையைக் கவனிக்கவில்லை. வீடியோக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வெள்ளை ஃபோகஸை அணை. மஞ்ச லைட்டை மட்டும் வெய்யி. ஆங்... இப்ப பாரு. ரெண்டும் அக்கா தங்கச்சி மாரி கீது."

நிஜமாகவே புடவையும் ரவிக்கையும் ஒன்றாகிவிட்டன. நைனா திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் மஞ்சள் தேய்த்துக் குளித்தவர்கள் மாதிரி இருப்பார்கள் என்று கேள்வி.

அவர் கடையில் இன்னொரு சட்டமும் இருந்தது. விளக்கு வைத்த பிறகு துணி வெட்ட மாட்டார். சாயங்காலம் ஆனால் கத்திரிக்கோலை உறையில் போட்டுவிடுவார். எதிர்வீட்டுப் பட்டு மாமி ஒரு நவராத்திரிக்கு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள்.

"என்ன நைனா, நாளைக்குக் காலம்பற ஆத்துக்கு எல்லாரும் வரா. ஒரே ஒரு பிட்டுதானே கேக்கறேன்?"

"வெளக்கு வெச்சாச்சு மாமி. இனிமே கலரு பொய் பேசும். காலைல வா."

மாமி மறுநாள் காலையில் போனாள். வேறு வழி? அவர் வெட்டிக் கொடுத்த பிட் ஒன்றுகூட அந்தக் கடைக்குத் திரும்பி வந்தது கிடையாது. நைனாவுக்கு அதுதான் சொத்து, பட்டம், கௌரவம் எல்லாம். அதைச் சொல்லும்போது மட்டும் தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டுவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த தெருவில்தான் பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைப் போட்டார்கள். முதல் நாள் நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து ஆஹா என்றோம். இரண்டாம் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தோம், அத்தனை பேரும். பட்டு மாமியைப் பார்த்து நான் "உடம்புக்கு என்ன?" என்று கேட்க, அவள் "நானே உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள். காகங்களுக்குப் பொழுது குழம்பிப் போய்க் கண்ட நேரத்தில் கரைந்தன.

ஆனால் ஆபீஸ் போகிற பெண்கள் விட்டுவிடுவார்களா? "நைனா, இப்பதான் தெருவே பட்டப்பகலா இருக்கே, சாயங்காலமும் மேட்சிங் பாருங்களேன்" என்று நச்சரித்தார்கள். நைனா முதலில் மறுத்தார். பிறகு வெளியே வந்து விளக்கைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். வாழ்நாள் சட்டத்தை மாற்றிக்கொண்டார். சாயங்காலமும் கத்திரிக்கோல் உறையை விட்டு வெளியே வந்தது.

கெட்ட காலம் என்றால் அதுதான். பட்டு மாமி பேரன் பூணூலுக்காக நேவி ப்ளூ பட்டுப்புடவைக்கு ஒரு சாயங்காலம் பிட் வாங்கிப் போனாள். நைனா கொடுத்ததை யார் சரிபார்ப்பார்கள்? மறுநாள் காலை வெயிலில் பிரித்தால் சுத்தக் கறுப்பு.

"நன்னா இருக்கு! நல்ல காரியத்துக்குக் கறுப்பு ரவிக்கை போட்டுண்டு போய் நிக்கச் சொல்றேளா?" என்று மாமி தெருவே கேட்கிற மாதிரி கேட்டாள்.

நைனா அந்தத் துணியை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைக்கு முதன்முதலாகத் திரும்பி வந்த பிட். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. எல்லாமே சாயங்காலம் வெட்டியவை. பகலில் வாங்கியது எதுவும் திரும்பவில்லை. ஆகவே குற்றவாளி யார் என்பதில் நைனாவுக்குச் சந்தேகமே இல்லை. கடை வாசலில், கம்பத்தின் உச்சியில், வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அந்த லைட்டு வேசம் போடுதும்மா. பேஜாரு புடிச்ச லைட்டு. பார்த்தா கண்ணுல ஊசி குத்தறாப்ல கீது. காலைல எய்ந்தா கூட அந்த வெள்ளை கண்ணுலயே ஒட்டிக்கினு கீது."

மேல் அலமாரிச் சுருளை இழுப்பதற்கு வைத்திருந்த கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு, கடைக்கு மேலிருந்த தன் வீட்டு மாடிக்கு ஏறினார். ஒரு முழம் மஞ்சள் பாப்ளின் துணியை அந்த விளக்கின் மேல் போட்டு மூடினார். வெளிச்சம் இதமாகிவிட்டது. நைனா சிரித்தார். அது ஆடி மாசம் என்பதை அவர் மறந்திருந்தார்.

மயிலாப்பூரில் ஆடி மாசம் ஒரு கம்பத்தில் மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் கம்பத்தடியில் வேப்பிலை இருந்தது. மத்தியானம் குங்குமம் வந்தது. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஆத்தா, புச்சா வந்துகிறியா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் இரண்டு பெண்கள் கடைக்கு வந்து, கூழ் என்றைக்கு ஊற்றப் போகிறீர்கள், கேழ்வரகு நாங்கள் தருகிறோம் என்றார்கள்.

"அய்யய்யோ, நான் லைட்டைத்தாம்மா மூடினேன்!" என்றார் நைனா.

"அப்படித்தான் ஆத்தா வருவா" என்று அவர்கள் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

துணியை அகற்றுவதற்காக மாநகராட்சி ஊழியர் ஒருவர் ஏணியோடு வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார். குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு ஏணியோடு திரும்பிப் போனார். அது விளக்கில்லை, கோயில் என்று மேலே போய்ச் சொல்லியிருக்கிறார். அதனால் இன்ஜினீயரே நேரில் வரும்படி ஆயிற்று. சின்ன வயசு, நல்ல பிள்ளை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

"சார், லைட்டை மூடறது ஆபத்து. வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கா உங்களுக்கு?"

"வெளிச்சம் இல்ல தம்பி, கலரு. வெள்ளைன்னா எந்த வெள்ளை? சோறு கீது, பாலு கீது, சுண்ணாம்பு கீது, மல்லி கீது. இது எதுலயும் சேராத வெள்ளையா கீது."

"எல்.இ.டி.லயே கொஞ்சம் மஞ்சளா வருது சார். வார்ம் வைட்டுனு பேரு. அதுலயும் நாலஞ்சு ஷேடு இருக்கு."

ஷேடு என்ற சொல்லைக் கேட்டதும் நைனா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். விஷயம் கேட்டு நாங்களும் கூடிவிட்டோம். காகம், தூக்கம், முகம் என்று ஆளுக்கொரு குறை சொன்னோம். இன்ஜினீயர் கடைசியில், "பழுதானா மாத்தறதுக்குனு ஸ்டாக் லைட்டு வெச்சிருக்கோம், அதுலேர்ந்து உங்க தெருவுக்கு வார்ம் ஷேடாவே போட்டுப் பார்க்கலாம். எந்த மாதிரி வேணும்னு சொல்லுங்க" என்றார்.

"சொல்றதா? மேட்சிங் பார்க்க சொல்லோ வாயால சொல்லவே கூடாது." நைனா ஒரு சுருளை இழுத்து, கறாராக ஒரு பிட் வெட்டி, பொட்டலம் கட்டி இன்ஜினீயர் கையில் கொடுத்தார். "சந்தனம். இத்த எடுத்துகினு போய் லைட்டாண்ட வெச்சிப் பாரு. ரெண்டும் ஒண்ணா தெரியணும்."

பட்டு மாமி பொட்டலத்தை எட்டிப் பார்த்தாள். "இது சந்தனமா? அரைச்ச மஞ்சள்னா!"

எல்லோரும் சிரித்தோம். நைனாவும் சிரித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சரோஜாக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஒரு வாரத்தில் இன்ஜினீயர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், இன்னொரு பிட் வேணும். அதை எங்க வீட்ல எடுத்து தெச்சுட்டாங்க."

"எந்தப் பொடவைக்கு?"

"தெரியல சார்."

"தெரியலயா? இன்னா மனுசன்பா நீ!" என்று அலுத்துக்கொண்டே நைனா இன்னொன்று வெட்டிக் கொடுத்தார். சென்னையில், ஏன் உலகத்திலேயே, ரவிக்கைத் துணிக்கு மேட்ச் பார்த்துத் தெருவிளக்கு போட்டது எங்கள் தெருவில்தான் என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

மஞ்சள் துணியைக் கும்பிட்டு இறக்கிவிட்டுப் போட்ட அந்த விளக்குகள் எரிந்த முதல் சாயங்காலத்தை என்னால் மறக்க முடியாது. தெருவே மெல்ல மூச்சு விட்ட மாதிரி இருந்தது. சுவர்களில் காரை பெயர்ந்தது தெரியவில்லை, எங்கள் சுருக்கங்களும் தெரியவில்லை. பட்டு மாமி திடீரென்று பத்து வயது குறைந்து நின்றாள். நைனா கம்பத்தடியில் நின்று, ஒரு புடவையையும் ஒரு பிட்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப வா, இப்ப வா" என்றார். எங்களுக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

என் பெண்ணின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரவேற்பில் நான் கட்டிக்கொள்வதற்கு மயில்கழுத்துக் கலரில் பட்டுப்புடவை எடுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் நைனா அதைப் புது விளக்கின் கீழே பிடித்துப் பார்த்து, பிட் வெட்டிக் கொடுத்தார். விளக்கடியில் இரண்டும் ஒரே துணி. வீட்டுக்கு வந்து டியூப்லைட்டில் பிரித்தேன். புடவை மயில்கழுத்து, பிட் பாட்டில் பச்சை.

"ரெண்டும் பச்சைதானே?" என்றார் என் கணவர். அவரிடம் என்னத்தைச் சொல்வது?

காலையில் துணியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நைனா டீ குடிக்கப் போயிருந்தார். சரோஜாக்கா என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லைட்டு இல்லம்மா. கண்ணு."

எனக்குப் புரியவில்லை.

"ரொம்ப நாளாவே இப்டித்தான். நீலமும் கறுப்பும் தெரியல, பச்சையும் ஊதாவும் தெரியல. பகல்ல நான் கல்லாவுல கீறேன். பொட்டலம் கட்ட சொல்லோ சரியான பிட்டை மாத்தி வெச்சிடுவேன். சாயங்காலம் மேல அடுப்பாண்ட பூட்றேன். அப்ப வெட்டறதுதான் திரும்பி வருது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கண்ணு பூட்ச்சின்னு தெரிஞ்சா அந்த மனுசன் கடைய மூடிட்டுப் படுத்துடுவாரும்மா. அப்பால எய்ந்துக்க மாட்டாரு. லைட்டு மேல பழியப் போட்டுகினு நிம்மதியா இருந்தாரு. இப்ப லைட்டும் மாத்தியாச்சு. இனிமே வர ஒவ்வொரு பிட்டும் அவர் நெஞ்சுல வந்து வியும்."

"டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"கண்ணுன்னு வாயெடுத்தாலே எய்ந்து போயிட்றாரு. கொஞ்சம் டைம் குடு. எப்டினா இட்டுனு போறேன்."

நான் பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்தேன். பட்டு மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்; அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நைனா காதுக்கு மட்டும் போகவில்லை. மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "கறுப்புக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். மத்த எந்தக் கலர்னாலும் போட்டுண்டுடறேன்."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் பிட் திரும்புவது நின்றது. ஊதாப் புடவைக்குக் காப்பிக்கொட்டை ரவிக்கை, க்ரீமுக்கு வெள்ளை, நீலத்துக்குப் பச்சை என்று பெண்கள் தைரியமாக நடமாடினார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் இதைப் புது ஃபேஷன் என்று நினைத்துத் தங்கள் தையல்காரரிடம் கேட்டதாகக்கூடத் தகவல். நான் என் பெண்ணின் வரவேற்பில் மயில்கழுத்துக்குப் பாட்டில் பச்சை போட்டுக்கொண்டு மேடையில் நின்றேன். என் நாத்தனார் மேலும் கீழும் பார்த்து, "யார் அண்ணி மேட்ச் பார்த்தது?" என்றாள். "எங்க தெருவுலயே பெரிய ஆளு" என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நைனா என்னைப் பார்த்து விரலைக் குவித்து, "சோக்கா கீது" என்று சைகை காட்டினார்.

சரோஜாக்கா சொன்னபடி செய்தாள். தனக்குத்தான் கண் எரிகிறது, துணைக்கு வாங்க என்று நைனாவை ராயப்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே நர்ஸோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். நைனா பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நர்ஸ் வந்து அவர் கண்ணைத் திறந்து சொட்டு மருந்தை விட்டுவிட்டாள். "நான் இல்லம்மா, அவங்க!" என்று அவர் கத்தியும் பயனில்லை. கண்புரை. நன்றாக முற்றி, மஞ்சள் திரை போட்டிருந்தது. முதலில் ஒரு கண்ணிலும், கொஞ்ச நாள் கழித்து இன்னொன்றிலும் ஆபரேஷன் செய்தார்கள். அதுவரை ராயப்பேட்டையிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார்கள், கடை மூடியிருந்தது. தெருவுக்கே என்னமோ போல் இருந்தது.

ஒரு சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி. அவரைப் பார்க்க நாங்கள் எல்லோரும் அவர் கொடுத்த ரவிக்கைகளையே போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றோம். மரியாதைக்காகச் செய்ததுதான். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

நைனா கண்ணாடியைக் கழற்றினார். முதலில் மேலே பார்த்தார்.

"எவன்பா மறுபடியும் வெள்ளை லைட்டைப் போட்டது?"

"அதே லைட்டுதான் நைனா. நீங்க குடுத்த சந்தனம்" என்றேன்.

"சந்தனமா..." என்றார். விளக்கையே பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார், வரிசையாக, ஒவ்வொருவராக. விளக்கடியில் நின்றவர்களிடம் ஒன்றும் தெரிந்திருக்காது. நான்தான் பக்கத்து வீட்டு வாசலில் எரிந்த டியூப்லைட்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். மயில்கழுத்து, பாட்டில் பச்சை. அவர் என் அருகே வந்தார். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. மெதுவாக, அன்பாக வந்தது.

"யார்ம்மா குட்த்தது?"

சரோஜாக்கா ஆட்டோவுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். பட்டு மாமி என் முழங்கையைக் கிள்ளினாள். பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கண் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"நீங்கதான் நைனா."

அவர் என் புடவைத் தலைப்பை எடுத்து ரவிக்கைக் கையோடு சேர்த்துப் பார்த்தார். விட்டார்.

"இத்தப் போட்டுகினா பொண்ணு கல்யாணத்துல நின்ன?"

"ஆமாம்."

"எல்லாரும் தெரிஞ்சேவா போட்டுகினீங்கோ?"

பட்டு மாமிதான் வாயைத் திறந்தாள். "நீங்க மட்டும்? அந்த வடபழனிக் கல்யாணத்துல ஒரு பொண்ணு அழறான்னு லைட்டை அணைச்சேளே. நாங்களும் அதைத்தான் பண்ணினோம்."

நைனா என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்தார். அங்கே புடவையும் ரவிக்கையும் அக்கா தங்கச்சியாக ஒன்றாகிவிட்டன. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று சரோஜாக்கா சத்தம் போட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"போய் மாத்திட்டு வாம்மா" என்றார். பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார், பார்டரைப் பார்க்கவில்லை. "உன் பேரு இன்னா கண்ணு?"

சொன்னேன். மறுநாள் கடை திறந்தார். விளக்கு வைத்த பிறகு வெட்டுவதில்லை என்ற சட்டத்தையும் திரும்பக் கொண்டுவந்தார். தப்பாகப் போன பிட்டுகளுக்கு எல்லாம் சரியான பிட் வெட்டி, பொட்டலம் கட்டி, தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

எனக்குக் கொடுத்ததை இன்னும் தைக்கவில்லை. அந்தப் பழைய ரவிக்கையைத்தான் போட்டுக்கொள்கிறேன். வேறு எங்கே போனாலும் பொருந்தாது. எங்கள் தெருவுக்குள் நுழைந்து அந்த விளக்கடிக்கு வந்ததும் பொருந்திவிடும், எனக்கு அது போதும்.